இரண்டரை லட்சத்துக்கும் பன்னிரண்டு லட்சத்துக்கும் நடுவே

ஜனவரி பிறந்துவிட்டால் அரசு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பெரிய கம்பெனிகளிலும் ஒரு சுற்றறிக்கை வரும். வருமான வரிக் கணக்குக்கான ஆதாரங்களைக் கொடுங்கள் என்று சம்பளப் பிரிவு கேட்கும். எல்.ஐ.சி. ரசீது, வருங்கால வைப்பு நிதிக் கணக்கு, வீட்டுக்கடன் சான்று ஆகியவற்றோடு பிள்ளையின் கல்லூரிக் கட்டண ரசீதையும் நகலெடுத்துக் கொடுப்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு அடுத்த மாதச் சம்பளத்தில் பிடிக்கும் வரி குறையும். வேலை முடிந்தது. வட்டாட்சியர் சான்று கிடையாது. ஏழை என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உதவி பெற்றோம் என்ற நினைப்புகூட அவர்களுக்கு வராது.

அதே மாதங்களில் இ-சேவை மையங்களின் வாசலில் வேறொரு வரிசை நிற்கிறது. வருமானச் சான்று, சாதிச் சான்று, ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு, கல்லூரியின் சரிபார்ப்பு என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் வரிசை. விண்ணப்பித்த பிறகும் பணம் எப்போது வரும் என்று கல்லூரியும் சொல்லாது, அலுவலகமும் சொல்லாது.

இரண்டுமே கல்லூரிப் படிப்புக்கு அரசு தரும் உதவிதான். ஒன்று வசூலிக்க வேண்டிய வரியை விட்டுக்கொடுப்பது, மற்றது கையில் பணமாகக் கொடுப்பது. கருவூலத்தைப் பொறுத்தவரை வராமல் போன ரூபாயும் வெளியே போன ரூபாயும் ஒன்றே. வரிச் சலுகைகளால் கைவிடப்பட்ட வருவாய் எவ்வளவு என்று ஒன்றிய அரசே ஆண்டுதோறும் பட்ஜெட் ஆவணங்களோடு ஓர் அறிக்கை வெளியிடுகிறது. ஆனால் தெருவிலும் தேநீர்க் கடையிலும் பேச்சு எப்படி இருக்கிறது? முதலாவதற்குப் பெயர் சேமிப்பு. இரண்டாவதற்குப் பெயர் இலவசம்.

இந்த இரண்டு உதவிகளும் யாருக்குப் போகின்றன, யாரைத் தொடாமலே போகின்றன என்பதை ரூபாய்க் கணக்கில் பார்த்துவிடுவோம்.

கூடுதலாகச் சம்பாதித்தால் கூடுதல் உதவி

வருமான வரிச் சட்டத்தில் கல்லூரிப் படிப்புக்கு முக்கியமாக இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்று 80சி. பிள்ளைகளின் முழுநேரக் கல்விக்காக இந்தியாவில் உள்ள பள்ளி, கல்லூரி, பல்கலைக்கழகத்துக்குக் கட்டும் படிப்புக் கட்டணத்தை, அதிகபட்சம் இரண்டு பிள்ளைகளுக்கு, வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் வரை. நன்கொடை, விடுதிக் கட்டணம், பேருந்துக் கட்டணம் இதில் சேராது. இன்னொன்று 80இ. உயர்கல்விக்காக வங்கியில் வாங்கிய கடனுக்குக் கட்டும் வட்டி முழுவதையும், உச்சவரம்பே இல்லாமல், எட்டு ஆண்டுகள் வரை கழித்துக்கொள்ளலாம். அசலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இது வருமானத்திலிருந்து கழிக்கும் முறை. இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பிள்ளைக்கு 60,000 ரூபாய் கட்டணம் கட்டிய மூன்று பெற்றோரை எடுத்துக்கொள்வோம். பழைய வரி முறையில் 30 சதவீத அடுக்கில் இருக்கும் உயர் அதிகாரிக்கு, மேல்வரியும் சேர்த்து 18,720 ரூபாய் மிச்சம். 20 சதவீத அடுக்கில் இருக்கும் ஊழியருக்கு 12,480 ரூபாய் மிச்சம். மூன்றாமவர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை செய்பவர். வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லை. அவருக்கு மிச்சம் பூஜ்யம்.

மூவரும் கட்டிய கட்டணம் ஒன்று. அதிகம் சம்பாதிப்பவருக்கு அதிக உதவி, குறைவாகச் சம்பாதிப்பவருக்குக் குறைந்த உதவி, மிகக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு ஒன்றுமே இல்லை. மழை பெய்யும்போது மேட்டுத் தெருவில் தண்ணீர் தேங்கி, பள்ளத் தெரு காய்ந்து கிடப்பதைப் போன்ற அதிசயம் இது. இந்தச் சலுகையைப் பெற மேல்வரம்பும் கிடையாது. கோடி ரூபாய் சம்பாதிப்பவரும் பழைய முறையில் 80சி கேட்கலாம், 80இ கேட்கலாம்.

அமெரிக்கா வேறு வழியில் செய்தது

அமெரிக்காவில் கல்லூரிச் செலவுக்கு ‘டாக்ஸ் கிரெடிட்’ என்ற முறை இருக்கிறது. 1997-இல் கிளிண்டன் ஆட்சியில் வந்தது. 2009-இல் ஒபாமா ஆட்சியில் ‘அமெரிக்கன் ஆப்பர்ச்சுனிட்டி டாக்ஸ் கிரெடிட்’ என்று விரிவாக்கப்பட்டது. இது வருமானத்திலிருந்து கழிப்பதல்ல, கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழிப்பது. ஒரு மாணவருக்குச் செலவான முதல் 2,000 டாலர் முழுவதும், அடுத்த 2,000 டாலரில் கால் பங்கும், ஆக ஆண்டுக்கு அதிகபட்சம் 2,500 டாலர், நான்கு ஆண்டுகளுக்கு. இதில் எந்த அடுக்கில் இருந்தாலும் தொகை ஒன்றுதான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. வரியே கட்ட வேண்டியில்லாத ஏழைக் குடும்பத்துக்கும் அந்தத் தொகையில் 40 சதவீதம், அதாவது 1,000 டாலர் வரை, அரசு காசோலையாகவோ வங்கிக் கணக்கிலோ திருப்பித் தரும். மேலே இருப்பவருக்குக் கதவு மூடப்படுகிறது. தனிநபர் வருமானம் 80,000 டாலரைத் தாண்டினால் சலுகை குறையத் தொடங்கும், 90,000 டாலருக்கு மேல் ஒன்றும் கிடையாது.

அந்த முறையும் குறையில்லாதது இல்லை. கட்டணம் கட்டுவது ஒரு மாதம், வரிக் கணக்குத் தாக்கல் செய்து பணம் வருவது பல மாதம் கழித்து. கணக்கே தாக்கல் செய்யாத ஏழைகளுக்கு அது போய்ச் சேராது. வேறு உதவித்தொகையில் கட்டணம் அடைந்துவிட்டால் அந்த அளவுக்குச் சலுகையும் குறையும். ஆனாலும் ஒரு கொள்கையை அது ஒப்புக்கொண்டது: கல்விக்கு வரியில் சலுகை தருவதென்றால், வரி கட்ட வசதியில்லாதவரை வெளியே நிறுத்தக் கூடாது. நம் வருமான வரிச் சட்டத்தின் கல்விப் பிரிவுகளில் அந்தக் கொள்கை இல்லை.

பன்னிரண்டு லட்சம் வரை வரி இல்லை

2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் 12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை. சம்பளக்காரர்களுக்கு நிலைக்கழிவு 75,000 ரூபாயும் சேர்ந்து 12.75 லட்சம் வரை இல்லை. நடுத்தர மக்களுக்கு வரலாறு காணாத சலுகை என்று நாளேடுகள் கொண்டாடின. நம் மக்களில் ஆசிரியராக, காவலராக, செவிலியராக, வங்கி ஊழியராக உள்ளவர்களுக்கும் அதில் பயன் உண்டு, மறுப்பதற்கில்லை. புதிய முறையில் 80சி, 80இ இரண்டும் கிடையாது. 12 லட்சத்துக்குள் இருப்பவருக்கு அவை தேவையும் இல்லை. ஆகவே கல்விக்கென்று இருந்த வரிக்கழிவு இன்று பெரும்பாலும் அதற்கும் மேலே சம்பாதித்து, பழைய முறையிலேயே இருக்க முடிவெடுத்தவர்களின் சொத்தாகிவிட்டது.

12 லட்சம் வரை சம்பாதிப்பவர் வரிச்சுமை தாங்க வேண்டியவர் அல்லர் என்று அரசு முடிவு செய்திருக்கிறது. நல்லது. அப்படியானால் படிப்புச் செலவைத் தாங்க முடியாதவர் யார் என்ற கேள்விக்கு இதே அரசு வைத்திருக்கும் பதில் என்ன?

1944-இல் தொடங்கிய உரிமை

ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பெறப் பெற்றோர் வருமானத்துக்கு விதிக்கப்பட்ட உச்சவரம்பு இது. பழங்குடி மாணவர்களுக்கும் இதே வரம்புதான்.

இந்த உதவித்தொகை யாரோ இரக்கப்பட்டுப் போட்ட பிச்சை இல்லை. 1944-இல், வைசிராயின் நிர்வாகக் குழுவில் அண்ணல் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினராக இருந்த காலத்தில், தொடங்கப்பட்ட திட்டம் இது. கல்வி உதவித்தொகையின் அருமை அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகைதான் அவரைக் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்த எட்வின் செலிக்மன், வருமான வரி பற்றி எழுதி உலகப் புகழ் பெற்ற பொருளியல் அறிஞர். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாணங்களின் நிதி எப்படி வளர்ந்தது என்பதை ஆராய்ந்து அம்பேத்கர் எழுதிய நூல் 1925-இல் செலிக்மனின் முன்னுரையோடு வெளிவந்தது. அரசு யாரிடம் வாங்குகிறது, யாருக்குச் செலவிடுகிறது என்ற கேள்வி அண்ணலின் படிப்பிலேயே இருந்தது. வரியைப் பற்றிப் பேசுவது தலித் அரசியலுக்குப் புதிது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

2021-இல் இந்தத் திட்டத்தின் நெறிமுறைகள் திருத்தப்பட்டன. செலவில் 60 சதவீதம் ஒன்றிய அரசு, 40 சதவீதம் மாநில அரசு என்றானது. ஒன்றிய அரசின் பங்கு மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகும், அவர் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். கட்டணம் போக, கல்விப் படி என்று தனியே ஒரு தொகை உண்டு. வீட்டிலிருந்து போய்வரும் பி.ஏ. மாணவருக்கு ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதக் கணக்கில் 250 ரூபாய். ஒரு மாதத்துக்குத் தேநீருக்கே காணாது.

ஒரே இடத்தில் நின்ற இரண்டு கோடுகள்

2.5 லட்சம் என்ற வரம்பு 2013-14 முதல் நடைமுறையில் உள்ளது. அப்போது அது ஒன்றும் அநியாயமான கோடாகத் தெரியவில்லை. ஏனென்றால் 2014 பட்ஜெட்டில் வருமான வரியின் அடிப்படை விலக்கு வரம்பும் 2.5 லட்சமாக உயர்த்தப்பட்டது. வரி கட்ட வேண்டியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு உதவித்தொகை, அதற்கு மேல் போனால் வரியில் கழிவு. இரண்டு கோடுகளும் ஒரே இடத்தில் நின்றன. இடைவெளி என்று பேச அதிகம் இல்லை.

அதன் பிறகு நடந்தது இது. 2019-இல் 5 லட்சம் வரை வரி இல்லை என்றானது. 2023-இல் புதிய முறையில் 7 லட்சம். 2025-இல் 12 லட்சம். வரிக்கோடு நடந்துகொண்டே போனது. உதவித்தொகைக் கோடு நட்ட இடத்திலேயே நின்றது. அரசு ஊழியரின் அகவிலைப்படி விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுக்கு இருமுறை கணக்கிடப்படுகிறது. விலைவாசி ஏறுகிறது என்பது அரசுக்குத் தெரியும். உதவித்தொகைக் கோப்பைத் திறக்கும்போது மட்டும் அது மறந்துவிடுகிறது.

நடுவில் வேறு கோடுகளும் போடப்பட்டன. கல்விக் கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டியை ஏற்கும் ஒன்றிய அரசின் திட்டத்துக்கு வரம்பு 4.5 லட்சம். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வழியே வந்த முன்னேறிய வகுப்பினருக்கான பத்து சதவீத இடஒதுக்கீட்டில் ‘பொருளாதாரத்தில் நலிந்தவர்’ என்பதற்கு வரம்பு 8 லட்சம். அதாவது, 7 லட்சம் சம்பாதிக்கும் முன்னேறிய வகுப்புக் குடும்பம் சட்டப்படி நலிந்தது. 3 லட்சம் சம்பாதிக்கும் தலித் குடும்பம் உதவித்தொகைக்குத் தகுதியில்லாத அளவு வசதியானது. இதை எந்தக் கணக்கு வாத்தியாரிடம் கொண்டுபோய்த் திருத்தச் சொல்வது?

ஆம்பூரில் ஒரு வீட்டுக் கணக்கு

ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டை பகுதிகளில் தோல் தொழிற்சாலைகளிலும் ஷூ கம்பெனிகளிலும் வேலை செய்யும் நம் குடும்பங்கள் எத்தனை என்பது இப்பகுதி வாசகர்களுக்குத் தெரியும். விடியற்காலையில் கம்பெனி வண்டி ஊருக்குள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும் காட்சி நமக்குப் பழகியது.

அப்படி ஒரு வீட்டைக் கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குத் தோல் தொழிற்சாலையில் மாதம் 12,000 ரூபாய். அம்மாவுக்கு ஷூ கம்பெனியில் மாதம் 10,000 ரூபாய். மொத்தம் 22,000. ஆண்டுக்கு 2,64,000. வரம்பைவிட 14,000 ரூபாய் கூடுதல். நாள் கணக்கில் பார்த்தால் 38 ரூபாய். நாளுக்கு 38 ரூபாய் கூடுதலாகச் சம்பாதித்ததற்காக அந்த வீட்டுப் பிள்ளையின் உதவித்தொகை முழுவதும் போகிறது. வரம்பைத் தாண்டினால் கொஞ்சம் குறைத்துத் தருவது என்பதெல்லாம் இல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் முழுதும், அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

சரி, வரிக்கழிவாவது கிடைக்குமா? அவர்கள் வருமான வரி கட்டுபவர்கள் இல்லையே. 80சி-யும் 80இ-யும் அவர்கள் வீட்டு வாசலைக்கூடப் பார்க்காது. உதவித்தொகை பெறப் போதுமான ஏழை இல்லை, வரிச்சலுகை பெறப் போதுமான பணக்காரர் இல்லை. இந்த இடைவெளியில் நிற்பவர்கள் பெரும்பாலும் தலைமுறையில் முதன்முறையாக மாதச் சம்பளத்தைப் பார்த்தவர்கள். அம்மாவும் வேலைக்குப் போனால்தான் பிள்ளையைப் படிக்க வைக்க முடியும் என்று போனவர்கள். அந்தச் சம்பளமே பிள்ளையின் உதவித்தொகைக்கு எதிரான சாட்சியாகிறது.

இன்னொரு அநியாயமும் உண்டு. கம்பெனித் தொழிலாளிக்கு வைப்பு நிதிப் பிடித்தம், இ.எஸ்.ஐ. பிடித்தம், வங்கிக் கணக்கில் சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் காகிதம் இருக்கிறது. ஒரு ரூபாயையும் மறைக்க முடியாது. நிலம் வைத்திருப்பவரின் விவசாய வருமானத்துக்கோ, கடை வைத்திருப்பவரின் வியாபாரத்துக்கோ அப்படிச் சம்பளச் சீட்டு இல்லை. அவர்கள் சொல்வதும் விசாரிப்பவர் மதிப்பிடுவதும்தான் வருமானம். உழைப்பைத் தவிர வேறு சொத்தில்லாதவரின் வருமானம்தான் பைசா சுத்தமாகப் பதிவாகிறது.

கட்டணம் ஜூனில், பணம் எப்போது?

கோட்டுக்குள் வந்துவிட்ட பிள்ளைகளின் கதையும் சுலபமானதில்லை. ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் பிள்ளைகளுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க உட்காரும்போது கேட்கும் முதல் கேள்வி, ‘தொகை எவ்வளவு’ என்பதில்லை. ‘எப்ப வரும்’ என்பதுதான். கல்லூரி ஜூனிலோ ஜூலையிலோ கட்டணம் கேட்கிறது. உதவித்தொகை அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் வந்தால் அதிர்ஷ்டம். நடுவில் என்ன செய்வது? அம்மாவின் கம்மல் அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுக் கடன், வாரத் தண்டல் என்று வட்டி ஏறுகிறது. பிறகு வரும் உதவித்தொகை படிப்புக்குப் போகாமல் வட்டிக்குப் போகிறது. 80இ-யில் கழிவு கேட்க இது வங்கி வட்டி இல்லை. தண்டல்காரர் சான்று தருவாரா?

தேர்வு நுழைவுச் சீட்டை நிறுத்தி வைப்பது, மாற்றுச் சான்றிதழைத் தர மறுப்பது, வகுப்பில் பெயர் சொல்லி எழுப்பிக் கட்டணம் கேட்பது என்று ஆண்டுதோறும் புகார்கள் வருகின்றன. 2016 ஜனவரியில் ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் உயிரை மாய்த்துக்கொண்ட ரோஹித் வெமுலா, தம் கடைசிக் கடிதத்தில், தமக்கு வர வேண்டிய ஏழு மாத ஆய்வு உதவித்தொகையைக் குடும்பத்துக்குச் சேர்க்கும்படி எழுதிவிட்டுப் போனார். தாமதம் என்பது அலுவலகக் கோப்பில் ஒரு சொல். மாணவரின் வாழ்க்கையில் அது வேறு.

வரிக்கழிவு கேட்டவருக்கு அரசு இப்படித் தாமதம் செய்வதில்லை. பிடித்தம் குறைகிறது, அவ்வளவுதான். கூடுதலாகப் பிடித்திருந்தால் திருப்பித் தரும்போது விதிப்படி வட்டியும் சேர்த்துத் தருகிறார்கள். உதவித்தொகை தாமதமானால் மாணவருக்கு வட்டி தரும் விதி எங்கே?

‘நாங்கள் கட்டும் வரியில்’

உதவித்தொகை என்று பேச்செடுத்தாலே ‘நாங்கள் கட்டும் வரியில் இவர்கள் படிக்கிறார்கள்’ என்ற குரல் எழும். வருமான வரி ஒன்றுதான் வரியா? ஜி.எஸ்.டி.யை வாங்கும் பொருளோடு சேர்த்து எல்லோரும் கட்டுகிறோம். ஷூ கம்பெனியில் வேலை செய்யும் அம்மா தன் கைபேசிக்கு ரீசார்ஜ் செய்தால் 18 சதவீதம் வரி. பிள்ளைக்குத் தவணையில் மடிக்கணினி வாங்கினால் 18 சதவீதம். நீட் பயிற்சி மையத்தில் சேர்த்தால் அந்தக் கட்டணத்துக்கும் 18 சதவீதம். இதில் 12 லட்சம் வரை விலக்கு என்று யாரும் சொல்லவில்லை. மாதம் ஒன்றரை லட்சம் வாங்குபவரும் மாதம் 10,000 வாங்குபவரும் ஒரே ரீசார்ஜுக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் நம் வரியிலும்தான் படிக்கிறார்கள்.

இப்போது கையில் உள்ளவை

கோடு மாறும் வரை காத்திருக்க முடியாது. இருக்கும் கதவுகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் கட்டாயம் விண்ணப்பியுங்கள். அரசாணை 92 (2012) வழியே சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டணத்தை அரசு ஏற்கும் ஏற்பாடு வந்தது. கிறித்தவம் தழுவியவர்களுக்கு ஒன்றிய அரசின் திட்டம் பொருந்தாது, தமிழ்நாடு அரசுதான் தன் நிதியிலிருந்து தருகிறது. எந்தத் திட்டமானாலும், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்காது என்பதை இடத்துக்குப் பணம் கட்டும் முன்பே நினைவில் வையுங்கள். தகுதியுள்ள மாணவர் முன்பணம் கட்டாமல் சேர ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்ற ஏற்பாடு 2021 நெறிமுறைகளில் இருக்கிறது. அதைக் கல்லூரியில் கேளுங்கள்.

வருமானம் 2.5 லட்சத்தைத் தாண்டிவிட்டதா? வருமான வரம்பு இல்லாத மாநிலத் திட்டங்கள் உள்ளன. அரசுக் கலந்தாய்வு வழியே தொழிற்படிப்பில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை உண்டு. ஆனால் அக்காள் பட்டதாரியாகிவிட்டால் தம்பிக்கு அது கிடையாது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தண்டலுக்குப் போகும் முன் வங்கிக்குப் போங்கள். 4 லட்சம் வரை கல்விக் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தகுதியுள்ள தொழிற்படிப்புகளுக்குப் படிக்கும் காலத்து வட்டி மானியம் கிடைக்குமா என்று விண்ணப்பிக்கும்போதே கேளுங்கள்.

வேலைக்குப் போய்க் கல்விக் கடனை அடைத்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு சொல். உங்கள் படிப்புக்கு நீங்களே வாங்கிய கடனின் வட்டிக்கும் 80இ உண்டு. வங்கியிடம் வட்டிச் சான்று வாங்கி, பழைய முறையிலும் புதிய முறையிலும் வரி எவ்வளவு என்று இரண்டு கணக்கும் போட்டுப் பார்த்து, குறைவானதைத் தேர்ந்தெடுங்கள். படிப்புக்காகப் பெற்ற உதவித்தொகைக்கு வருமான வரி கிடையாது. அதை வருமானத்தோடு சேர்த்து யாராவது கணக்குப் போட்டால் ஏற்க வேண்டாம்.

கேட்க வேண்டியவை

உதவித்தொகைக்கான வருமான வரம்பு 8 லட்சமாக வேண்டும். பொருளாதாரத்தில் நலிந்தவர் என்று முன்னேறிய வகுப்பினருக்கு அரசு எந்தக் கோட்டைப் போட்டதோ அதே கோடு. அதற்கு மேல் ஒரு ரூபாய் நாம் கேட்கவில்லை.

வரம்பை எட்டியதும் முழுவதையும் பறிக்கும் முறை போக வேண்டும். வருமான வரியில் அடுக்குகள் இருப்பதைப் போல உதவித்தொகையிலும் அடுக்குகள் வரட்டும். வரம்பைச் சற்றுத் தாண்டிய குடும்பத்துக்குப் பாதியாவது கிடைக்கட்டும்.

விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் வரம்பும் படியும் திருத்தப்பட வேண்டும். கட்டணம் கேட்கும் மாதத்தில் பணம் வர வேண்டும். தாமதமானால் வரித்துறை தருவதைப் போல வட்டி தர வேண்டும்.

கல்விக்கென்று வருமான வரிச் சட்டத்தில் சலுகை நீடிக்குமானால், வரி கட்டும் அளவுக்கு வருமானம் இல்லாத குடும்பத்துக்கும் அந்தத் தொகையின் ஒரு பகுதி வங்கிக் கணக்குக்கு வரும்படி அது திருத்தப்பட வேண்டும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இல்லாமல் இந்த நாட்டில் ஏழைக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. அந்தக் கணக்கு ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது.

இவற்றில் முதல் மூன்றுக்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை, நெறிமுறையை மாற்றினால் போதும். நம் மாவட்டங்களின் மக்களவை உறுப்பினர்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்வி இது. அவர்களைக் கேட்க வைக்க வேண்டியவர்கள் தொழிற்சங்கங்களும், மாணவர் அமைப்புகளும், ஏப்ரல் 14 அன்று அண்ணலின் சிலைக்கு மாலை போட வரிசையில் நிற்கும் நாமும்தான். அடுத்த கிராம சபையில், நாளுக்கு 38 ரூபாய் என்ற அந்தக் கணக்கை எழுதி ஒரு தீர்மானமாக வையுங்கள். கணக்கு சின்னது. யாருக்கும் புரியும்.